ஃபிலிம் நெகட்டிவ், ஸ்லைடுகளுக்கு நம்பகமான ஸ்கேனரைத் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மாட்டுங்காவில் எங்கள் வீட்டுப் பரணில் மூன்று தகரப் பெட்டிகளில் கிடந்த நெகட்டிவ்களையும் ஸ்லைடுகளையும் ஸ்கேன் செய்து முடிக்க எனக்கு இரண்டு குளிர்காலங்கள் ஆயின. அதன் பிறகு செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று பல இடங்களிலிருந்து உறவினர்களும் நண்பர்களும் தங்கள் வீட்டுப் பெட்டிகளோடு வந்தார்கள். அவர்களோடு உட்கார்ந்து வேலை செய்தபோது, ஏறத்தாழ எல்லோரும் ஒரே இடத்தில் தடுமாறியிருப்பதைக் கண்டேன். ஸ்கேனரை முதலில் வாங்கிவிட்டார்கள். பெட்டியில் என்ன இருக்கிறது என்பதை அதன் பிறகுதான் பார்த்தார்கள்.

ஆகையால் இதில் படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் இருக்கும் ஃபிலிமின் அளவு, வகை, நிலை ஆகிய மூன்றும்தான் எந்த ஸ்கேனர் வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. ‘நம்பகமான ஸ்கேனர்’ என்று நான் இங்கே சொல்வது, முதல் பிரேமில் கொடுத்த கூர்மையையும் நிறத்தையும் ஆயிரமாவது பிரேமிலும் கொடுக்கக்கூடிய, வேலை முடியும்வரை உங்கள் கணினியோடு ஒழுங்காகப் பேசக்கூடிய ஒரு கருவியை.

1. தொடங்கும் முன் தேவையானவை

வெள்ளை ஒளிப் பலகை ஒன்று வேண்டும். அது இல்லாவிட்டால், டேப்லெட்டின் திரையை முழு வெண்மையில் வைத்து, ஃபிலிமை அதிலிருந்து ஓரிரு அங்குலம் உயர்த்திப் பிடித்துப் பார்க்கலாம். ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி, மில்லிமீட்டர் அளவுகோல், பருத்திக் கையுறை, ரப்பர் காற்றூதி, புதிய காகித உறைகள், ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவையும் கையருகே இருக்கட்டும்.

கையுறை ஏன் என்றால், விரல் ரேகையின் எண்ணெய், படத்தைத் தாங்கும் ஜெலட்டின் பூச்சின் மேல் படிந்தால் மும்பை ஈரத்தில் அதே இடத்தில் பூஞ்சை பிடிக்கும். இந்த வேலையை நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் வைத்துக்கொள்வது நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டுமென்றால், ஏசி ஓடும் அறையில் மட்டும் திறக்க வேண்டும். குளிர்ந்த அறையிலிருந்து ஃபிலிமை உடனே வெளியே கொண்டுவந்தால் அதன்மேல் ஈரம் படியும் என்பதால், திருப்பி வைக்கும்போது உறைகளை மூடிய டப்பாவிலேயே எடுத்துச் செல்ல வேண்டும்.

2. ஃபிலிமை அளவுவாரியாகப் பிரித்தல்

இதுதான் முதல் உண்மையான படி. ஒரு ஸ்கேனர் எந்த அளவு ஃபிலிமை ஏற்கும் என்பதே மற்ற எல்லாத் தகுதிகளுக்கும் முந்தியது.

இரு ஓரங்களிலும் வரிசையாகத் துளைகள் உள்ள பட்டை 35 மி.மீ. ஃபிலிம்; அதன் பிரேம் 24×36 மி.மீ. இருக்கும். துளையே இல்லாமல் ஏறத்தாழ 60 மி.மீ. அகலத்தில் இருப்பது 120 ஃபிலிம். நம் வீடுகளில் பலரிடம் இருந்த அக்ஃபா கிளிக் த்ரீ கேமரா இந்த ஃபிலிமில்தான் ஒரு சுருளுக்கு 12 சதுரப் படங்கள் எடுத்தது. விரல் அகலம்கூட இல்லாமல் 13×17 மி.மீ. பிரேமோடு இருப்பது 110 ஃபிலிம். எண்பதுகளில் பரவலாக விற்ற ஹாட் ஷாட் கேமராவில் போட்டது இதையே. அட்டை அல்லது பிளாஸ்டிக் சட்டத்துக்குள் இருக்கும் ஸ்லைடுகளின் வெளியளவு பெரும்பாலும் 50×50 மி.மீ.

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது 126 ஃபிலிமில். அதன் அகலமும் 35 மி.மீ.தான், ஆனால் ஒரு பிரேமுக்கு ஒரே ஒரு துளைதான் இருக்கும், படம் ஏறத்தாழ 28 மி.மீ. சதுரமாக இருக்கும். 35 மி.மீ. ஹோல்டரில், அதாவது ஸ்கேனரில் ஃபிலிமைப் பிடித்துவைக்கும் சட்டத்தில், அதை வைத்தால் உள்ளே நுழைந்துவிடும். ஆனால் ஹோல்டரின் குறுக்குக் கம்பிகள் 36 மி.மீ. பிரேமுக்கு ஏற்ப இருப்பதால் யாராவது ஒருவருடைய முகத்தின் மேல் ஒரு கம்பி வந்து நிற்கும்.

ஒவ்வொரு அளவிலும் எத்தனை பிரேம்கள் என்று எண்ணி நோட்டில் எழுத வேண்டும். செம்பூரில் உள்ள என் ஒன்றுவிட்ட அக்கா, 35 மி.மீ. மட்டும் ஏற்கும் நல்ல கருவி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். பெட்டியைத் திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் அவருடைய தாத்தா எடுத்த சதுர நெகட்டிவ்கள். கருவியில் ஒரு குறையும் இல்லை. எண்ணாமல் வாங்கியதுதான் பிழை.

3. வகையையும் நிலையையும் குறித்தல்

அளவுவாரியாகப் பிரித்ததை இப்போது வகைவாரியாகப் பிரிக்க வேண்டும். ஆரஞ்சுச் சாயலோடு தலைகீழ் நிறங்கள் தெரிந்தால் அது கலர் நெகட்டிவ். கண்ணுக்குத் தெரியும் நிறமே சரியான நிறமாக இருந்தால் அது ஸ்லைடு. சாம்பல் நிறத்தில் இருப்பது கறுப்பு வெள்ளை நெகட்டிவ். அதில் படத்தை உருவாக்கியிருப்பது உலோக வெள்ளி. ஊட்டியில் தயாரான ‘இந்து’ ஃபிலிம் உட்பட நம் வீடுகளில் உள்ள பழைய கறுப்பு வெள்ளைச் சுருள்கள் ஏறத்தாழ எல்லாமே இந்த வகைதான். இந்த வேறுபாடு ஏழாவது படியில் பெரிதாக உதவும்.

ஸ்லைடுச் சட்டத்தில் கோடாக்ரோம் (கோடாக்கின் ஒரு ஸ்லைடு ஃபிலிம்) என்று அச்சிட்டிருந்தால் அவற்றைத் தனியே வைக்க வேண்டும். சட்டம் மாறியிருந்தால், மங்கலான பக்கத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்க்கலாம். படத்தின் உருவம் மேடுபள்ளமாகப் புடைத்துத் தெரிவது கோடாக்ரோமின் அடையாளம்.

பிறகு நிலை. வலைபோல, வேர்போலக் கிளைத்த கறை பூஞ்சை. புளித்த காடி வாடை அடித்தால் அந்த அசிடேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதிலிருந்து வரும் ஆவி பக்கத்துச் சுருள்களையும் சிதைக்கும் என்பதால் உடனே பிரித்து வைத்து, எல்லாவற்றுக்கும் முன்னால் அதை ஸ்கேன் செய்ய வேண்டும். வளைந்து சுருண்டவை எத்தனை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பூஞ்சை பிடித்த ஃபிலிமைத் தண்ணீரில் கழுவவே கூடாது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் நீரில் கரையும் தன்மையை அடைந்துவிடுகிறது. கழுவினால் கறையோடு படமும் போய்விடும். இந்த ஒரு பிழையைத் திருத்த எந்த ஸ்கேனராலும் முடியாது.

4. எதற்காக ஸ்கேன் செய்கிறோம் என்று முடிவு செய்தல்

படத்தைக் குடும்பத்தாருக்குக் கைபேசியில் அனுப்புவதற்கா, ஆல்பமாக அச்சிடுவதற்கா, சுவரில் மாட்டும் பெரிய அச்சுக்கா என்பதை எழுதி வைக்க வேண்டும். இதற்குப் பின்னால் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. 35 மி.மீ. பிரேமை 2400 டிபிஐயில் (அங்குலத்துக்கு 2400 புள்ளி) ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 3400×2270 பிக்சல், அதாவது 7.7 மெகாபிக்சல் கிடைக்கும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் இது 11×7.5 அங்குல அச்சுக்குப் போதுமானது. 4000 டிபிஐயில் 21 மெகாபிக்சல் கிடைக்கும். 18×12 அங்குல அச்சுக்கு அது தாராளம்.

120 ஃபிலிமின் சதுரப் பிரேம் 56 மி.மீ. அகலம் உள்ளது என்பதால் 2400 டிபிஐயிலேயே 28 மெகாபிக்சல் வந்துவிடும். ஃபிலிம் பெரிதாக இருந்தால் ஸ்கேனரிடம் கேட்க வேண்டியது குறைகிறது. 35 மி.மீ.க்குச் சுமாரான ஒரு தட்டை ஸ்கேனர், கிளிக் த்ரீ நெகட்டிவுக்கு மிக நன்றாகவே போதும். அந்தக் கேமராவின் எளிய லென்ஸ் பதிவு செய்த நுணுக்கம் அனைத்தும் அதில் வந்துவிடும்.

5. பொருந்தாத கருவிகளை விலக்குதல்

இப்போது உங்கள் நோட்டில் அளவு, வகை, நிலை, நோக்கம் நான்கும் இருக்கின்றன. இவற்றை வைத்துக்கொண்டு, எது வேண்டும் என்று தேடுவதைவிட எது வேண்டாம் என்று நீக்குவது எளிது.

காகித ஆவணங்களுக்கான மெல்லிய தட்டை ஸ்கேனர்களை முதலில் நீக்கிவிடலாம். ஃபிலிமுக்கு ஒளி பின்னாலிருந்து ஊடுருவி வர வேண்டும். ஆகவே மூடிக்குள் விளக்கு இருக்க வேண்டும். கேனன் லைட் (LiDE) வரிசை, எப்சன் வி39 போன்றவை காகிதத்துக்கு நல்லவை. ஆனால் மூடியில் விளக்கு இல்லை, கண்ணாடிக்கு ஒட்டிய தளத்தை மட்டுமே கூர்மையாகப் பார்க்கும் உணரி (சென்சார்) அவற்றில் இருக்கிறது. கடையில் ‘ஃபிலிம் ஸ்கேன் ஆகுமா’ என்று கேட்பதோடு நின்றுவிடாமல், மூடியைத் திறந்து விளக்கையும் ஃபிலிம் ஹோல்டரையும் காட்டச் சொல்ல வேண்டும்.

அடுத்து, சிறு திரையோடு கையடக்கமாக விற்கும் ஃபிலிம் மாற்றிப் பெட்டிகள். இவற்றினுள் இருப்பது ஒரு சிறிய கேமரா உணரிதான். சில நொடியில் படம் வந்துவிடும். ஆனால் ஜேபெக் கோப்பு மட்டுமே கிடைக்கும், தூசி நீக்கும் வசதி கிடையாது, 22 மெகாபிக்சல் என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் ஊதிப் பெருக்கிய எண்ணிக்கையாக இருக்கும். எந்தப் பெட்டியில் எந்தச் சுருள் இருக்கிறது என்று பட்டியல் தயாரிக்க இது உதவும். காலத்துக்கும் வைத்திருக்கப்போகும் ஸ்கேனை இதில் எடுக்க நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

மிஞ்சுவன மூன்று வகைகள். மூடி விளக்கோடு கூடிய தட்டை ஸ்கேனர்கள் முதல் வகை. எப்சன் வி600, வி850 ஆகியவை எடுத்துக்காட்டு. இவை 35 மி.மீ., 120, ஸ்லைடு எல்லாவற்றையும் ஏற்கும். இரண்டாவது, 35 மி.மீ.க்கு மட்டுமான தனிக் கருவிகள். பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் 8100, 8200ஐ (8200i) போன்றவை. மூன்றாவது, உற்பத்தி நின்றுபோய்ப் பழைய சந்தையில் மட்டும் கிடைக்கும் நிக்கான் கூல்ஸ்கேன், மினோல்டா டிமாஜ் போன்ற கருவிகள்.

வீட்டில் ஏற்கெனவே நல்ல கேமராவும் மேக்ரோ லென்ஸும் இருந்தால், ஒளிப் பலகையின் மேல் ஃபிலிமை வைத்துப் படம் எடுப்பதும் சரியான வழியே. 24 மெகாபிக்சல் முழுச்சட்டக் (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் ஒன்றுக்கு ஒன்று அளவில் எடுத்தால் ஏறத்தாழ 4200 டிபிஐக்கு ஈடான பிக்சல்கள் கிடைக்கும்; வேகமும் அதிகம். ஆனால் ஒளிப் பலகையின் நிறத் துல்லியக் குறியீடு 95க்கு மேல் இருக்க வேண்டும், கேமராவும் ஃபிலிமும் துல்லியமாக இணையாக நிற்க வேண்டும், தூசியைக் கருவி நீக்கித் தராது. எங்கள் கட்டடம் ரயில் பாதைக்கு அருகில் இருப்பதால் வண்டி போகும்போதெல்லாம் மேசை லேசாக அதிரும். அந்த நொடிகளில் எடுத்த பிரேம்கள் அனைத்தையும் மறுபடி எடுக்க வேண்டியிருந்தது.

மொத்தமே நூறு பிரேம்களுக்குள் என்றால் எதையும் வாங்க வேண்டாம். நல்ல லேபில் டிஃப் (தரம் குறையாமல் சேமிக்கும்) கோப்பாகக் கேட்டு ஸ்கேன் செய்துகொள்வதே உகந்தது.

6. அச்சிட்ட டிபிஐயை விட்டு உண்மைப் பிரிதிறனைப் பார்த்தல்

பெட்டியில் போட்டிருக்கும் டிபிஐ, உணரி எத்தனை புள்ளிகளில் மாதிரி எடுக்கிறது என்பதைச் சொல்கிறது. அந்தப் புள்ளிகளுக்குள் எவ்வளவு நுணுக்கம் போய்ச் சேர்கிறது என்பதே உண்மைப் பிரிதிறன்; அது லென்ஸையும் குவியத்தையும் இயந்திரத்தின் நகர்வையும் பொறுத்தது. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் பலரை அதிர்ச்சிக்கு உள்ளாக்கும்.

எப்சன் வி600இல் 6400 என்று போட்டிருக்கும். கோட்டுச் சோதனைத் தகடு வைத்து அளந்தால் 1500 முதல் 1600 வரைதான் கிடைக்கும். வி850இல் அது ஏறத்தாழ 2300. 7200 என்று போட்டிருக்கும் பிளஸ்டெக் 8200ஐ ஏறத்தாழ 3200ஐத் தரும். 4000 மட்டுமே என்று சொல்லிக்கொள்ளும் பழைய கூல்ஸ்கேன் 5000, ஏறக்குறைய அந்த 4000ஐயும் தந்துவிடும். பெட்டியின் மேல் உள்ள எண்களை மட்டும் பார்த்து வாங்குபவர் இந்த நான்கில் மிகக் கூர்மையானதைக் கடைசியில் தள்ளிவிடுவார்.

நான்காம் படியின் கணக்கோடு இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கைபேசியிலும் சிறிய அச்சிலும் பார்க்கப்போகும் 35 மி.மீ. குடும்பப் படங்களுக்கு வி600 போதும். அதே 35 மி.மீ.ஐச் சுவர் அளவுக்கு அச்சிட வேண்டுமென்றால் தனிக் கருவிதான் வேண்டும். பெரும்பகுதி 120 ஃபிலிம் என்றால் வி850 தேவைக்கு மேலேயே தரும்.

உண்மைப் பிரிதிறனுக்கு மேலே டிபிஐயை ஏற்றி வைத்து ஸ்கேன் செய்வது அடுத்த பொதுவான பிழை. கோப்பு பெருக்கும், நேரம் கூடும், படம் ஒரு மயிரிழைகூட கூர்மையாகாது. உண்மைப் பிரிதிறனைவிடச் சற்றே உயர்ந்த அளவில் எடுப்பது சரி: வி600இல் 2400, வி850இல் 3200 என்று நான் வைத்துக்கொள்கிறேன். பிளஸ்டெக் மட்டும் விதிவிலக்கு. அதில் 7200இல் எடுத்துப் பிறகு பாதியாகச் சுருக்கினால்தான் அதன் முழு நுணுக்கமும் கிடைக்கும், அதனாலேயே அது மெதுவான கருவி.

7. அகச்சிவப்புத் தூசி நீக்கம் தேவையா என்று முடிவு செய்தல்

மும்பையில் உள்ள பெட்டிகளுக்கு இந்த ஒரு வசதியே பெரும்பாலும் தேர்வை முடித்துவிடுகிறது. ஆகையால் இதன் வேலையைப் புரிந்துகொள்வது அவசியம்.

கலர் ஃபிலிமில் படத்தை உருவாக்கும் சாயங்கள் அகச்சிவப்பு ஒளியைத் தடையின்றி விட்டுவிடும். தூசி, கீறல், நூலிழை ஆகியவை அதை மறிக்கும். ஆகவே ஸ்கேனர் அகச்சிவப்பில் ஒரு தனிப் பதிவு எடுத்தால் அதில் படம் இருக்காது, குறைகள் மட்டும் தெரியும். எங்கே குறை என்று தெரிந்துவிட்டதால் மென்பொருள் அந்த இடத்தை மட்டும் சுற்றுப்புறத்தைக் கொண்டு நிரப்புகிறது. எப்சனில் இதன் பெயர் டிஜிட்டல் ஐஸ். சில்வர்ஃபாஸ்ட் மென்பொருளில் இதற்கு வேறு பெயர்.

கறுப்பு வெள்ளை நெகட்டிவில் உள்ள வெள்ளி அகச்சிவப்பையும் மறிக்கும். அங்கே இந்த வசதியைப் போட்டால் முகமும் முடியும் குறை என்றே கருதப்பட்டு, படம் உருகினாற்போல் கெட்டுவிடும். முந்தைய நாள் கலர் ஸ்கேன் செய்துவிட்டு அதே அமைப்போடு மறுநாள் கறுப்பு வெள்ளையைத் தொடங்கி, ஒரு மாலை முழுவதையும் வீணாக்கியவர்கள் பலர். கலர் நெகட்டிவுக்கான ரசாயனத்திலேயே கழுவப்படும் இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 போன்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம் மட்டும் விலக்கு. அதில் வெள்ளி தங்குவதில்லை. கோடாக்ரோமும் அகச்சிவப்பை ஓரளவு மறிப்பதால் ஓரங்களில் சேதம் காட்டும். முதலில் ஒரு பிரேமில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே முடிவு நோட்டிலேயே இருக்கிறது. பெட்டியில் பெரும்பகுதி கலர் என்றால் அகச்சிவப்பு இல்லாத கருவியை வாங்க வேண்டாம். ஒரு பிரேமின் தூசியைக் கையால் திருத்த ஐந்து நிமிடம் ஆகும் என்று வைத்தாலும் ஆயிரம் பிரேமுக்கு 80 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். பிளஸ்டெக் 8100க்கும் 8200ஐக்கும் உள்ள முக்கிய வேறுபாடு இதுதான்: முன்னதில் அகச்சிவப்பு இல்லை, பின்னதில் உண்டு. மாறாக, பெட்டி முழுவதும் கறுப்பு வெள்ளை என்றால் இதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்கத் தேவையில்லை.

பூஞ்சையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மேலே படர்ந்த இழைகளை அகச்சிவப்பு நன்றாகவே நீக்கும். பூஞ்சை சாய அடுக்கையே தின்றுவிட்ட இடத்தில் படம் கிடையாது. மென்பொருள் இட்டுக்கட்டி நிரப்புவதுதான் வரும். முகங்களின் மேல் அப்படி நேர்ந்திருந்தால், வசதியை நிறுத்திவிட்டு ஒரு ஸ்கேனும் எடுத்து இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

8. கறுப்பின் ஆழத்தைக் கவனித்தல்

ஃபிலிமின் இருண்ட பகுதி எவ்வளவு ஒளியை மறிக்கிறது என்பதை அடர்த்தி என்ற எண்ணால் சொல்வார்கள். அடர்த்தி 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளிதான் ஊடுருவுகிறது. 4 என்றால் பத்தாயிரத்தில் ஒன்று. கலர் நெகட்டிவில் அடர்த்தி 3ஐத் தாண்டுவது அரிது. ஸ்லைடின் நிழல்கள் 3.6ஐயும் கடக்கும்.

ஷண்முகானந்தா அரங்கில் ஃபிளாஷ் இல்லாமல் எடுத்த கச்சேரி ஸ்லைடுகள் எங்கள் பெட்டியில் இருந்தன. சாதாரணக் கருவியில் பின்திரையும் பக்கவாத்தியக்காரர்களும் ஒரே கறுப்பாகக் கலந்துவிட்டார்கள். அரக்கு நிறக் கூறைப்புடவையின் மடிப்புகளுக்கும் இதே கதிதான். நோட்டில் ஸ்லைடுகளின் எண்ணிக்கை பெரிதாக இருந்தால், இந்தத் தகுதிக்குப் பணம் கொடுப்பது நியாயம்.

விளம்பரத்தில் வரும் 4.8 என்ற எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம். அது 16 பிட் என்பதன் 65,536 படிகளிலிருந்து கணக்கிட்டுப் பெறுவது. ஃபிலிமை வைத்து அளந்தது அல்ல. உண்மையை அறிய ஒரே வழி பதினோராம் படியில் உள்ள சோதனை.

9. ஹோல்டரையும் சட்டத்தையும் பார்த்தல்

ஃபிலிம் தட்டையாக, குவியத் தளத்தில் நிற்காவிட்டால் நல்ல லென்ஸும் பயன்படாது. வளைந்த சுருள்கள் உங்களிடம் அதிகம் என்றால், ஃபிலிமை அழுத்திப் பிடிக்கும் ஹோல்டர் வேண்டும். வி850இன் ஹோல்டரில் நியூட்டன் வளையத்தைத் தடுக்கும் தகடும் உயரத்தை மாற்றும் வசதியும் உண்டு. வி600இல் உயரம் நிலையானது. சாதாரணக் கண்ணாடியை ஃபிலிமின் மேல் வைத்து அழுத்துபவர்களுக்கு எண்ணெய்ப் படலம்போல வானவில் வளையங்கள் படத்தில் விழும். அவைதான் நியூட்டன் வளையங்கள்.

கண்ணாடிச் சட்டமிட்ட தடித்த ஸ்லைடுகள் பல கருவிகளில் நுழையா. வாங்கும் முன் உங்கள் சட்டம் ஒன்றைக் கருவியில் வைத்துப் பாருங்கள்.

10. நேரம், மென்பொருள், இணைப்பு

36 சுருள், ஒவ்வொன்றிலும் 36 பிரேம் என்றால் 1296 பிரேம். ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்றால் ஏறத்தாழ 65 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு மாதத்துக்கு மேல். எத்தனை நிமிடம் என்பதோடு, அந்த நிமிடங்களில் நீங்கள் அருகில் இருக்க வேண்டுமா என்பதும் முக்கியம். வி600 ஒரே முறையில் 12 பிரேம், வி850 18 பிரேம் எடுத்துக்கொள்ளும். போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போகலாம். பிளஸ்டெக் 8200ஐயில் ஒவ்வொரு பிரேமுக்கும் டிரேயைக் கையால் நகர்த்த வேண்டும். பெரியவர்கள் தனியாகச் செய்யப்போகிறார்கள் என்றால் இந்த ஒன்றே முடிவை மாற்றக்கூடும்.

சேமிப்பிடமும் கணக்கில் வர வேண்டும். 2400 டிபிஐ, நிறத்துக்கு 16 பிட் டிஃப் என்றால் ஒரு பிரேமுக்கு 46 எம்பி. 1296 பிரேமுக்கு ஏறத்தாழ 60 ஜிபி. 4000 டிபிஐயில் அது 166 ஜிபி. இரண்டு தனித்தனி வட்டுகளில் வைக்க வேண்டியிருப்பதால் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

பழைய கருவிகளில் பலர் இடறுவது இணைப்பில். கூல்ஸ்கேன் 5, கூல்ஸ்கேன் 5000 இரண்டும் யூஎஸ்பியில் இயங்கும். கூல்ஸ்கேன் 4000, 8000, 9000 ஆகியவை ஃபயர்வயர். அதற்கும் முந்திய 2000, ஸ்கசி என்ற இன்னும் பழைய இணைப்பு. இன்றைய மடிக்கணினியில் ஃபயர்வயருக்கும் ஸ்கசிக்கும் வாயில் இல்லை. உற்பத்தியாளர் கொடுத்த பழைய மென்பொருளும் இன்றைய கணினிகளில் பெரும்பாலும் ஓடாது. வியூஸ்கேன் போன்ற தனி மென்பொருள்தான் கைகொடுக்கும். அதில் ஃபிலிம் ஸ்கேன் செய்ய உயர்பதிப்பு தேவை. சில்வர்ஃபாஸ்ட் உரிமம் ஸ்கேனர் மாடலோடு கட்டப்பட்டது என்பதால், ஸ்கேனரை மாற்றினால் அதற்கும் தனியே செலவாகும்.

11. வாங்கும் முன் சோதித்தல்

ஃபோர்ட் பகுதியின் போரா பஜார்க் கடைகளில் வாங்கினாலும், தனியாரிடமிருந்து வாங்கினாலும், சோதிக்காமல் பணம் கொடுக்க வேண்டாம். மடிக்கணினியில் வியூஸ்கேனின் சோதனைப் பதிப்பை ஏற்றிக்கொண்டு போகலாம். படத்தின் மேல் முத்திரை விழுந்தாலும் சோதனைக்குப் போதும். கையோடு நான்கு ஃபிலிம்கள் வேண்டும்: எழுத்துகள் தெளிவாகத் தெரியும் கூர்மையான ஸ்லைடு, மிக இருண்ட ஸ்லைடு, தூசியும் கீறலும் உள்ள கலர் நெகட்டிவ், ஒரு கறுப்பு வெள்ளைப் பட்டை. நாளைக்குத் திரும்ப எடுக்க முடியாத படம் எதையும் சோதனைக்குக் கொண்டுபோகக் கூடாது.

முதலில் ஹோல்டரை வெறுமையாக வைத்து ஸ்கேன் செய்யுங்கள். நேர்கோடுகள் தெரிந்தால் உணரியிலோ அளவீட்டுப் பகுதியிலோ தூசியோ பழுதோ இருக்கிறது. துடைத்தபின் மறைந்தால் சரி, இல்லையென்றால் வேண்டாம்.

அடுத்து, கூர்மையான ஸ்லைடை 4800 டிபிஐயில் எடுத்து, அந்தப் படத்தைப் பாதியாகச் சுருக்கி, மறுபடி பழைய அளவுக்குப் பெரிதாக்கி, இரண்டையும் அருகருகே முழு அளவில் பாருங்கள். வேறுபாடே தெரியாவிட்டால் அந்தக் கருவியின் உண்மைப் பிரிதிறன் 2400ஐத் தாண்டவில்லை. நான்கு மூலைகளும் நடுப்பகுதியும் ஒரே கூர்மையில் இருக்கின்றனவா என்பதையும் இதே படத்தில் பார்த்துவிடலாம்.

இருண்ட ஸ்லைடை எடுத்து, மென்பொருளில் நிழல்களை உயர்த்திப் பார்க்க வேண்டும். நுணுக்கம் எழுந்து வந்தால் நல்லது. வண்ணப் புள்ளிகளும் பட்டைகளும் எழுந்து வந்தால் கருவியின் எல்லை அங்கேயே முடிந்துவிட்டது. அதே ஸ்லைடில் வெளிச்சமான பகுதி கறுப்போடு சேரும் விளிம்பில் பனிபோன்ற ஒளி கசிந்தால், உள்ளே இருக்கும் கண்ணாடியில் தூசிப் படலம் படிந்திருக்கிறது. பழைய கூல்ஸ்கேன்களில் இது அடிக்கடி காணப்படும் குறை. பிரித்துச் சுத்தம் செய்யத் தெரிந்தவர் இருந்தால் மட்டுமே அதை வாங்கலாம். தட்டை ஸ்கேனரில் கண்ணாடியின் அடிப்பக்கத்தில் டார்ச் ஒளியைச் சாய்த்து அடித்து, மங்கலோ பூஞ்சையோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கடைசியாக, ஒரே நெகட்டிவை அரைமணி இடைவெளியில் மூன்று முறை ஸ்கேன் செய்து ஒப்பிட வேண்டும். நிறம் மாறினாலோ படம் சில பிக்சல் நகர்ந்தாலோ அந்தக் கருவி ஆயிரம் பிரேமுக்குத் துணை வராது. புதியவர்கள் எல்லோரும் பொறுமையிழந்து விட்டுவிடும் சோதனை இது. நம்பகத்தன்மையைக் காட்டுவதும் இதுதான்.

மின் அடாப்டரில் 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்பதையும் வெளிநாட்டிலிருந்து வந்த கருவிகளில் பார்க்க வேண்டும். புதிது என்றால் ஜிஎஸ்டி பில்லும், இந்தியாவில் செல்லும் உத்தரவாதமும் வேண்டும். ஹோல்டர்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிக்கொள்ளுங்கள். தொலைந்த ஹோல்டரைத் தனியே தேடுவது மிகவும் சிரமம்.

12. வீட்டுக்கு வந்த முதல் வாரம்

கருவியைச் சன்னலோரம் வைக்க வேண்டாம். தெருவின் தூசியும் கடற்காற்றின் ஈரமும் கண்ணாடிக்குள் புகும். வேலை இல்லாதபோது துணியால் மூடி, மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய பெட்டியில் வைக்க வேண்டும்.

தட்டை ஸ்கேனரில், ஹோல்டரின் மேல்முனையில் திறந்திருக்கும் இடைவெளி ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன் ஒளியை அளக்கும் இடம். அதை ஃபிலிமோ உறையோ மறைத்தால் படம் முழுவதும் கோடு விழும். இதைக் கருவியின் பழுது என்று எண்ணித் திருப்பிக் கொடுக்கப்போன ஒருவரை டோம்பிவிலியில் நானே தடுத்திருக்கிறேன்.

சோதனைக்குக் கொண்டுபோன நான்கு ஃபிலிம்களையும் முதல் நாளே ஒருமுறை ஸ்கேன் செய்து, அந்தக் கோப்புகளுக்கு ‘அளவுகோல்’ என்று பெயரிட்டுத் தனியே வைத்துவிடுங்கள். ஒவ்வொரு மாதமும், மழைக்காலம் முடிந்தவுடன் தவறாமலும், அதே நான்கையும் அதே அமைப்பில் எடுத்து அந்தக் கோப்புகளோடு ஒப்பிட வேண்டும். வேறுபாடு தென்பட்டால், கண்ணாடியைத் துடைத்து மறுபடி எடுத்து, அப்போதும் மாறாவிட்டால் அங்கேயே வேலையை நிறுத்திவிட்டுக் கருவியைப் பழுதுபார்க்கக் கொடுங்கள். கடைசியாக ஒப்பிட்ட நாளுக்குப் பிறகு எடுத்த பிரேம்கள் எவை என்பது நோட்டில் இருக்கும், அவற்றை மட்டும் திரும்ப எடுத்தால் போதும்.